ராத்திரி படகை எங்கே கட்டுவது? ஆலப்புழை, குமரகம், பழவேற்காடு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் வருகிற ஜனவரியோடு கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். பிள்ளைகள் சேர்ந்து கேரளாவில் இரண்டு ராத்திரி படகு வீட்டுக்குப் பணம் கட்டுகிறார்களாம். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்களும் அண்ணியும் போயிட்டு வந்தவங்க. ராத்திரிக்குப் படகு ஆலப்புழையில நிக்கணுமா, குமரகத்துல நிக்கணுமான்னு ஏஜென்ட் என்னையே கேக்கறான். நான் இன்னாத்த சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டம்மா முந்திக்கொண்டார்: "ரெண்டும் அப்புறம். மொதல்ல பழவேற்காடு ஒரு நாள் போயிட்டு வாங்க." பழவேற்காடு நம் சென்னைக்கு வடக்கே இருக்கிற ஏரிக்கரை ஊர். தம்பி என்னைப் பார்த்தார், நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். பையும் கையுமாக நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏஜென்ட் கேட்டது சரியான கேள்வி. நாமெல்லாம் என்ன கேட்போம்? ஏசி உண்டா, கட்டில் பெரியதா, சாப்பாட்டில் மீன் எத்தனை வகை. ஆனால் கேரளப் படகு வீடு ராத்திரியில் ஓடாது. சாயங்காலம் ஐந்தரை வாக்கில் எல்லாப் படகையும் கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் காயல், அதாவது அந்த உப்பங்கழி, உள்ளூர் மீனவர்களுக்கு. அவர்கள் வலை போடுகிற நேரம் அது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏறி மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கினால் இருபத்தொரு மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு நிறுத்துவதைக் கழித்தால் படகு ஓடுவது ஐந்து மணி நேரம் தேறும். மிச்ச நேரம் முழுக்க ஏதோ ஒரு கரையில் கட்டிக் கிடக்கிறீர்கள். எந்தக் கரை என்பது எந்தப் படகு என்பதைவிடப் பெரிய கேள்வி. இது தெரியாமல்தான் நாங்கள் போனோம்.

ஆலப்புழையும் குமரகமும் ஒரே காயலின் இரண்டு கரைகள். வேம்பநாட்டுக் காயல் 96 கிலோமீட்டர் நீளம், இந்தியாவிலேயே நீளமான ஏரி. ஆலப்புழை மேற்குப் பக்கம், கடலை ஒட்டிய ஊர். குமரகம் கிழக்கே, கோட்டயம் மாவட்டம். எங்களுக்கு முதல் ராத்திரி ஆலப்புழை, இரண்டாவது குமரகம்.

ஆலப்புழை

எங்கள் படகைக் கட்டிய இடம் புன்னமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரம். நேரு பேரில் பாம்புப் படகுப் பந்தயம் நடத்துகிறார்களே, அந்தத் தண்ணீர்தான். கேட்க நன்றாக இருக்கும். கட்டிய பிறகு பார்த்தால் இடது பக்கம் ஆறு படகு, வலது பக்கம் நான்கு. ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. சாதாரணப் படகுகளில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரைதான் ஏசி. ஆக, ஒன்பது அடித்ததும் பதினொரு படகின் ஜெனரேட்டரும் சேர்ந்து உறும ஆரம்பித்தன. டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அடுத்த படகில் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் பாட்டுப் பெட்டி பன்னிரண்டு மணிக்குத்தான் ஓய்ந்தது. நம் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கி கட்டுவார்களே, அதில் பாதி.

ஆனால் ஆலப்புழையைத் திட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. வீட்டம்மா பிரஷர் மாத்திரையை வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அது தெரிந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. படகுக்காரப் பையனிடம் சொன்னேன். கரை இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, ஒரு ஆட்டோ பிடித்து, டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கி, டீயும் பழம்பொரியும் சாப்பிட்டுத் திரும்பியபோது ஏழேகால். இதே சமாச்சாரம் மறுநாள் ராத்திரி நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

டவுனில் 1862-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கடலுக்குள் நீளும் பழைய பாலத்தின் இரும்புத் தூண்களும் நிற்கின்றன. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடற்கரை பெரிய அதிசயம் இல்லை. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நடுவில் ஒரு மீன் கடை

மறுநாள் குமரகம் போகிற வழியில் படகை ஒரு திட்டு ஓரம் நிறுத்தினார்கள். மீன் கடை. ஐஸ் பெட்டிக்குள் நீலக்கால் கொஞ்சு (பெரிய இறால்), கரிமீன், கொடுவா. "சேச்சி, ஃப்ரெஷ்ஷு" என்றார் கடைக்காரர் என் வீட்டம்மாவிடம். சேச்சி எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டு ஏலத்தில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குகிறவர். ஒரு கரிமீனை எடுத்துச் செவுளைத் தூக்கினார். சிவப்பு போய்ப் பழுப்பு தட்டியிருந்தது. வயிற்றை அழுத்தினார், குழி அப்படியே நின்றது. ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்துவிட்டுக் கொஞ்சை எடுத்தார். தலை ஆடியது, அதையும் வைத்தார். "சாப்பாட்டுல ஏற்கெனவே மீன் உண்டுல்ல, அது போதும்" என்று படகுக்கு ஏறிவிட்டார். பையன் முகம் சுருங்கிவிட்டது, கமிஷன் போச்சே. கொஞ்சுக்கு அங்கே கிலோவுக்குச் சொன்ன விலைக்கு நம் ஊரில் ஒரு வாரத்துக்குக் குழம்பு வைக்கலாம். தம்பிக்குச் சொல்கிறேன்: அந்தக் கடையில் இறங்கலாம், வேடிக்கை பார்க்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கரிமீன் என்றால் புது மீன் என்று நினைக்க வேண்டாம். நம் பழவேற்காட்டுப் பக்கம் செத்தக்கெண்டை என்று விற்கிறதே, அதே மீன். வாழையிலையில் மசாலாவோடு சுருட்டிக் கல்லில் போட்டு எடுப்பது மட்டும் அவர்கள் கைவண்ணம். அது நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

குமரகம்

படகைக் கட்டியபோது பக்கத்தில் ஒரே ஒரு படகுதான், அதுவும் கூப்பிடு தூரத்தில். வரப்பு போல ஒரு குறுகலான கரை. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் வயல். இறங்கி நின்று பார்த்தபோது ஏதோ கணக்கு இடித்தது. இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: வயல், தண்ணீரைவிடக் கீழே இருக்கிறது. நான் நிற்கிற மண் வரப்புதான் இரண்டையும் பிரிக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கிற குட்டநாடு என்று படித்திருக்கிறேன். காயல் ஒரு முட்டி உயரத்துக்கு மேலே தளும்ப, கீழே நாற்று ஆடுவதைப் பார்ப்பது வேறு.

ஏழு மணிக்கு மேல் இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு. அன்றைக்கு ஜெனரேட்டர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் விசிறி மட்டும். தூரத்தில் ஒரு சிறு வள்ளம், ஒரே ஆள், நெற்றியில் விளக்கு. துடுப்பு தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் வலைக் குண்டு ஒவ்வொன்றாக விழுகிற 'டப்', 'டப்'. அவர் போன பிறகு எதுவும் இல்லை. பத்து மணிக்குப் படுத்தோம். பதினொன்றுக்கு வீட்டம்மா எழுந்து உட்கார்ந்தார். "ஏங்க, தூக்கம் வரல."

"ஏன், கொசுவா?"

"சத்தமே இல்லியே."

சிரிக்க வேண்டாம். முப்பது வருடமாகத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஆரனிலும் கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டிச் சத்தத்திலும் தூங்கிப் பழகிய உடம்பு. கடைசியில் இருவரும் முன்தளத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில் பேசியது, அதற்கப்புறம் அவ்வளவு நேரம் பேசினதாக ஞாபகம் இல்லை. பயணம் முழுக்க எனக்குப் பிடித்த நேரம் அதுதான். அதனால் என் தீர்ப்பு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விடிந்ததும் நடுக்காயலில் மட்டி அள்ளுகிறவர்கள் வந்துவிட்டார்கள். நீளமான கழியின் நுனியில் வலைக்கூடை. வள்ளத்தில் நின்றபடி அடியைத் துழாவி, தூக்கி, கொட்டுகிறார்கள். கரையில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 14 ஏக்கர். காலையில் சீக்கிரம் போனால்தான் உண்டு. எட்டு மணிக்குப் போன எங்களுக்கு நீர்க்காகமும் கொக்கும்தான் காட்சி கொடுத்தன.

குறை என்று பார்த்தால், கரையில் போக இடம் இல்லை. வரப்பில் நூறு அடி நடந்தால் வாய்க்கால் குறுக்கிடும், இல்லாவிட்டால் ஏதாவது ரிசார்ட்டின் சுவர். மருந்துக் கடை, டீக்கடை எதுவும் கண்ணுக்கு எட்டவில்லை. நடுராத்திரியில் நெஞ்சு வலி என்றால் படகுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் இதை யோசிக்காமல் 'அமைதி' என்ற சொல்லில் மயங்கிவிடக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பி போவது ஜனவரியில். காயலுக்குக் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை உண்டு, 1970-களில் வந்தது. நெல்வயலுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்க டிசம்பர் மத்தியில் மதகை மூடிவிடுவார்கள். நெல் தேறும்வரை தெற்குப் பாதியில் ஏற்றவற்றம் இல்லாமல் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆலப்புழையும் குமரகமும் அந்தத் தெற்குப் பாதியில்தான். கூட்டம் அதிகமாக வருவதும் அந்த மாதங்களில்தான். குறுகலான வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையும் எண்ணெய்ப் படலமும் கண்ணில் படும். குமரகத்தின் அகன்ற காயலில் அவ்வளவு தெரியாது. எண்ணூர் கழிமுகத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த வாய்க்காலும் பன்னீர்தான், அது வேறு கதை.

பழவேற்காடு எதற்கு இதில்?

வீட்டம்மா சொன்னதை நான் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பழவேற்காட்டில் படகு வீடு இல்லை. ஏரி ஆழமே பெரும்பாலும் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். கேரளத்துப் படகு வீடான கெட்டுவள்ளம் வந்தால் சேற்றில் உட்கார்ந்துவிடும். ராத்திரி தங்க ஏரிக்கரையில் சொல்லும்படி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு எப்படி இந்த ஒப்பீட்டில் சேரும்?

கரையை வைத்துத்தானே பார்க்கிறோம், அப்படிச் சேரும். படகில் போகிறவர்கள் ஒதுங்கி இறங்குகிற துறை என்ற கணக்கில் பழவேற்காட்டை இரண்டு கேரளக் கரைகளும் எட்ட முடியாது. 1606-ல் ஒரு டச்சுக் கப்பல் தண்ணீர் கேட்டு முகத்துவாரத்துக்கு வடக்கே கரிமணல் பக்கம் ஒதுங்கியது, ஊர்க்காரர்கள் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள் என்பார்கள். ஒதுங்கியவர்கள் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. கோட்டை இன்று புதர்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளிவிழாத் தம்பதி நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடமா என்று கேட்காதீர்கள், நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று, வீட்டம்மாவின் சொந்தக் கணக்கு. அவருடைய ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது வடக்கே இருந்து விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் பக்கிங்காம் கால்வாய் வழியாக பேசின் பிரிட்ஜ் வரை வந்ததைப் பார்த்தவர். ஒரு ஆள் கரையில் கயிறு கட்டி இழுப்பான், ஒரு ஆள் கழி போட்டுத் தள்ளுவான், படகிலேயே அடுப்பு எரியும் என்று சொல்வாராம். 1806-ல் எண்ணூர் வரை வெட்டி, பிறகு பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்து ஆந்திரா வரை போன கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த சனங்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். இந்தக் கயிற்றுப் படகுக்காரர்களுக்குப் பழவேற்காடு ராத்திரி தங்கும் துறையாகவும் இருந்திருக்கும் என்பது வீட்டம்மாவின் வாதம். 2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-ல் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் அந்த நீர்வழியில் போவது தெர்மகோலும் பிளாஸ்டிக் பையும்.

இன்று பழவேற்காட்டுக்குப் போக எளிது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ், இருபது கிலோமீட்டர் அளவு. பாலத்தின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் ஏரி. குளிர்காலத்தில் தூரத்தில் ரோஸ் கோடு போலத் தெரிவது பூநாரைகள். இங்கே யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முறை வந்தவர்தான் அந்த இடத்தில் இறங்க முடியும். கரையில் ஒரு பெரியவர் அதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் வீட்டம்மா நண்டுக்காரம்மாவிடம் பேரம் முடித்துவிட்டார். கால் கட்டிய பச்சை நண்டு, பைக்குள் சுரண்டிக்கொண்டே ரயிலில் வந்தது. பனை ஓலையில் பெண்கள் பின்னுகிற பெட்டியும் ஒன்று வாங்கினோம். கேரளத்துப் படகில் கொடுத்த சாவி வளையத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அங்கே கரையில் நின்றால் யாராவது வந்து "படகு வேணுமா சார், முகத்துவாரம் வரை போகலாம்" என்று கூப்பிடலாம். போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரம் பக்கம் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சொந்தங்கள். அதற்கப்புறம்தான் சுற்றுலாச் சவாரிக்குத் தடை வந்தது. கேரளம் மட்டும் பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம். 2002 ஜூலையில் ஆலப்புழைப் பக்கத்து முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். நாங்கள் போன படகு வீட்டில் லைஃப் ஜாக்கெட் கேட்டபோது சோபாவுக்கு அடியிலிருந்து இரண்டை இழுத்துப் போட்டார்கள்; ஒன்றில் பக்கிள் இல்லை. ஏறினவுடன் கேளுங்கள், போட்டுப் பாருங்கள். வெட்கம் வேண்டாம்.

சரி, தம்பிக்கு என்ன சொல்வது

நாங்கள் போன வரிசை தப்பு. திருவனந்தபுரம் மெயிலில் ஏறி காலையில் கோட்டயத்தில் இறங்கி, முதல் ராத்திரி குமரகம் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்பில் சத்தம் இல்லாவிட்டாலும் தூக்கம் வந்துவிடும். இரண்டாவது ராத்திரி ஆலப்புழை. மறந்தது, முடிந்தது, மாத்திரை, எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். திரும்ப ஆலப்புழையிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரிதான் என்றால், இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிற பட்சத்தில் குமரகம். தினம் மூன்று மாத்திரைக்கு மேல் என்றால் யோசிக்காமல் ஆலப்புழை, ஆனால் படகுகள் வரிசையாக நிற்கிற இடம் வேண்டாம், தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

எங்கே கட்டப்போகிறார்கள் என்பதைப் பணம் கட்டும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். ஆலப்புழையில் ஏற்றிக்கொண்டு குமரகத்தில் நிற்கச் சொன்னால் டீசல் கணக்கைக் காட்டுவார்கள். 'காயல் ஓரம்' என்று எழுதியிருந்தால் அது எந்த ஓரமாகவும் இருக்கலாம். அந்தப் பெரிய காயலைச் சும்மா கடந்து பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு, முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு அரசுப் படகு ஓடுகிறது. முக்கால் மணி நேரம், டீ காசுதான் டிக்கெட். நடுவில் பாதிராமணல் தீவும் தெரியும். பிள்ளைகள் ஆசையாகப் பணம் கட்டுகிறார்கள் என்பதால் இதை மட்டும் தம்பியிடம் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் மாடிப்படியில் வைத்து இவ்வளவையும் சொல்லி முடித்தேன். தம்பி வீட்டம்மா குமரகம் என்றார், தம்பி ஆலப்புழை என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தம்பி என் வீட்டம்மா பக்கம் திரும்பி, "அண்ணி, பழவேற்காட்டுல நண்டு கிலோ இன்னா விலைக்குப் போட்டுக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.